செக்யூர் பூட், பிட்லாக்கர், ஆர்எஸ்டி: ஒரு லேப்டாப்பில் குளோன்சில்லா தடுக்கி நின்ற நிகழ்வு ஆய்வு

நிலவரம்

2020இல் சந்தைக்கு வந்த லேப்டாப். இன்டெல் 10ஆம் தலைமுறை பிராசசர், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம் 23எச்2. மாதாமாதம் வரும் அப்டேட்கள் ஒன்றுவிடாமல் போடப்பட்டிருக்கின்றன. எஸ்எஸ்டியை 1 டிபிக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் இருப்பதை அப்படியே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் இமேஜாக எடுத்து வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். கையில் இருந்தது, டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் லினக்ஸ் மென்பொருளான குளோன்சில்லாவை 2021இல் எழுதி வைத்த பெண்டிரைவ்.

எஃப்12 அழுத்திப் பெண்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஷிம்மின் எஸ்பாட் தரவு சரிபார்ப்பில் தோற்றது, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்பது முதல் வரி (ஷிம், எஸ்பாட் என்றால் என்ன என்பது கீழே வரும்). ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்பது இரண்டாவது. சில நொடிகளில் லேப்டாப் தானே அணைந்தது. லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய், கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தார்கள். குளோன்சில்லா திறந்தது, ஆனால் டிஸ்க் பட்டியலில் பெண்டிரைவும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கும் மட்டுமே இருந்தன, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காணோம். மறுபடி பயாஸுக்குப் போய் ஸ்டோரேஜ் மோடை, அதாவது லேப்டாப் எஸ்எஸ்டியை அணுகும் முறையை, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றினார்கள். எஸ்எஸ்டி தெரிந்தது. இமேஜ் எடுக்கத் தொடங்கினால், சி டிரைவில் 160 ஜிபிதான் நிரம்பியிருந்தும் பார்ட்டிஷன் முழுவதையும் செக்டர் செக்டராகப் படிக்க ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பியபோது நீலத் திரை வந்து, டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைக் கேட்டது. அந்த லேப்டாப்பில் பிட்லாக்கர் இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது.

இதில் குளோன்சில்லாவின் குறை எதுவும் இல்லை. ஒவ்வொரு தடங்கலுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒன்றைத் தாண்ட எடுத்த குறுக்குவழிதான் அடுத்ததைக் கிளப்பிவிட்டது. இதே வேலையை, இதே லேப்டாப்பில், ஒரு முறைகூட மீட்புச் சாவித் திரையைப் பார்க்காமல் முடிக்கலாம். அதற்குத் தேவை சரியான வரிசை மட்டும்தான்.

நீலத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில்

காரணங்களுக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தரவு பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாவி தெரியாதவர்கள் பதற்றத்தில் ரீசெட் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அதற்கு அவசரமே இல்லை.

லேப்டாப்பை அணையுங்கள். பயாஸில் மாற்றியதை எல்லாம் பழைய நிலைக்கே கொண்டு வாருங்கள்: செக்யூர் பூட்டை இயக்குங்கள், ஸ்டோரேஜ் மோடை மறுபடி ரெய்டுக்கு மாற்றுங்கள். பெண்டிரைவைக் கழற்றிவிட்டு சாதாரணமாக இயக்குங்கள். பிட்லாக்கர் சாவியைக் காத்து வைத்திருக்கும் டிபிஎம் சிப் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவீடுகள் பழையபடி ஆகிவிட்டால், அந்தச் சிப் சாவியைத் தானே கொடுத்துவிடும். 48 இலக்கங்கள் எதுவும் தேவைப்படாது. இந்த நிகழ்வில் மாற்றப்பட்டவை இந்த இரண்டு செட்டிங்குகள் மட்டுமே, ஆகவே இதுவே போதும்.

பயாஸில் மூன்று விஷயங்களைத் தொடக் கூடாது. டிபிஎம்மை அழிக்கும் கிளியர் கட்டளை ஒன்று. அதைக் கொடுத்தால் டிபிஎம்மிடம் இருந்த சாவி போனது போனதுதான், பிறகு 48 இலக்கம் மட்டுமே வழி. செக்யூர் பூட் சாவிகளை ஆலை நிலைக்கு மீட்கும் கட்டளை இன்னொன்று. உதவுவதுபோல் தெரியும், ஆனால் விண்டோஸ் அப்டேட் வழியாகப் பின்னால் சேர்ந்த, ஓடக் கூடாத பூட் நிரல்களின் தடைப்பட்டியலும் அதோடு அழியக்கூடும், அளவீடு மறுபடி மாறிவிடும். எல்லா செட்டிங்குகளையும் டீஃபால்ட்டுக்கு மாற்றுவது மூன்றாவது. நீங்கள் தொடாதவற்றையும் அது சேர்த்து மாற்றும்.

இதெல்லாம் செய்தும் சாவி கேட்டால், வேறொரு போனிலோ கணினியிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைப் பாருங்கள். நீலத் திரையில் சாவியின் அடையாள எண் இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் உள்ளவற்றில் எதனுடன் பொருந்துகிறதோ, அந்த 48 இலக்கங்களே உங்களுடையவை. லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தவரின் கணக்கில்தான் சாவி சேர்ந்திருக்கும். கடைக்காரரோ வீட்டில் வேறொருவரோ அமைத்துக் கொடுத்திருந்தால் அவர்கள் கணக்கிலும் தேட வேண்டும்.

பெண்டிரைவ் ஏன் மறுக்கப்பட்டது

செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப், தன் சாவிப்பட்டியலில் உள்ள சான்றிதழால் கையொப்பமிட்ட பூட் லோடரை மட்டுமே ஓட்டும். லினக்ஸ் பெண்டிரைவ்களில் அந்தக் கையொப்பம் ஷிம் என்ற சிறு நிரலுக்கு இருக்கும். மைக்ரோசாஃப்ட் தன் மூன்றாம் தரப்பு யூஇஎஃப்ஐ (பயாஸின் இன்றைய வடிவம்) சான்றிதழால் ஷிம்மில் கையொப்பமிடுகிறது. ஷிம் அடுத்து, லினக்ஸின் பூட் லோடரான கிரப்பைச் சரிபார்த்து ஓட்டுகிறது. கிரப், லினக்ஸின் மையமான கர்னலை ஏற்றுகிறது.

கிரப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது, பழைய பதிப்புகள் ஒவ்வொன்றின் ஹாஷையும் (ஒரு ஃபைலுக்கே உரிய அடையாளக் குறியீடு) தடைப்பட்டியலில் சேர்க்க இடம் போதாது. அந்தப் பட்டியல் இருக்கும் நினைவகம் மிகச் சிறியது. அதனால்தான் எஸ்பாட் வந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தலைமுறை எண் கொடுத்து, இதற்குக் கீழே உள்ளவை செல்லாது என்று லேப்டாப்பின் யூஇஎஃப்ஐ நினைவகத்தில் ஒரே ஒரு சிறு குறிப்பாக எழுதிவிடும் முறை அது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட், சிவிஇ-2022-2601 என்ற கிரப் ஓட்டையை அடைக்க இந்தக் குறிப்பை உயர்த்தியது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த கணினிகள் பல அன்றைக்கு லினக்ஸுக்குள் போக முடியாமல் நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2021இன் பெண்டிரைவில் இருந்த ஷிம் அந்தக் குறிப்பைப் படித்தது, தானே காலாவதி என்று கண்டுகொண்டு நின்றுவிட்டது. லேப்டாப்பும் கெடவில்லை, பெண்டிரைவும் கெடவில்லை; பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்திருக்கிறது.

குறிப்பு இருப்பது எஸ்எஸ்டியில் அல்ல, மதர்போர்டில். ஆகவே விண்டோஸை மறுபடி நிறுவினாலோ எஸ்எஸ்டியை மாற்றினாலோ அது போகாது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு லினக்ஸிலிருந்து அந்தக் குறிப்பை அழிக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். இமேஜ் எடுக்கும் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். புதிய குளோன்சில்லாவை இறக்க சில நிமிடங்கள் போதும். அதற்காக லேப்டாப்பின் பாதுகாப்பைப் பின்னுக்கு இழுக்க எந்த நியாயமும் இல்லை.

செக்யூர் பூட்டை அணைத்ததும் பிட்லாக்கர் ஏன் விழித்தது

லேப்டாப் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் செக்யூர் பூட் இயங்குகிறதா இல்லையா, எந்தச் சாவிகளை நம்புகிறது, தடைப்பட்டியலில் என்ன இருக்கிறது, பூட் லோடரைச் சரிபார்த்த சான்றிதழ் எது என்பவற்றை அளந்து டிபிஎம்மின் பிசிஆர் 7 என்ற பதிவேட்டில் சேர்க்கிறது. பிட்லாக்கர் தன் சாவியைப் பெரும்பாலும் பிசிஆர் 7, பிசிஆர் 11 இரண்டின் மதிப்புகளோடு கட்டிவைக்கிறது. செக்யூர் பூட்டை அணைத்தால் பிசிஆர் 7 மாறும், டிபிஎம் சாவியைத் தராது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையொப்பமிட்ட பெண்டிரைவில் பூட் செய்வது மட்டும் பிட்லாக்கரைத் தொந்தரவு செய்யாது. அந்த ஒரு பூட்டில் பிசிஆர் 7 வேறாக இருக்கும், உண்மைதான்; ஆனால் அளவீடுகள் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பூஜ்யத்திலிருந்து தொடங்குபவை. அணைத்து மறுபடி விண்டோஸுக்குப் போனால் பழைய மதிப்பே வரும். அதே நேரம், குளோன்சில்லாவின் மெனுவில் ஹார்ட் டிஸ்கில் உள்ள இயங்குதளத்துக்குப் போகும் தேர்வு இருக்கிறதே, அதன் வழியாக விண்டோஸுக்குள் போகாதீர்கள். அப்போது ஷிம்மும் கிரப்பும் அளவீட்டில் சேர்ந்துவிட்ட பிறகு விண்டோஸ் தொடங்குவதால் சாவித் திரை வரும். பெண்டிரைவைக் கழற்றி, முழுதாக அணைத்து, மறுபடி இயக்குவதே சரி.

எஸ்எஸ்டி ஏன் தெரியவில்லை

8 முதல் 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் லேப்டாப்களில் பல, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி எனப்படும் ஆர்எஸ்டி மோடில்தான் ஆலையிலிருந்து வருகின்றன; பயாஸில் ரெய்டு என்று காட்டப்படுவது இதுதான். இந்த மோடில் என்விஎம்இ எஸ்எஸ்டி நேரடியாகத் தலைகாட்டாமல் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். லினக்ஸ் கர்னல் அதை வெளிப்படையாகவே சொல்லும்: ரீமேப் செய்யப்பட்ட என்விஎம்இ ஒன்று இருக்கிறது, பயன்படுத்த வேண்டுமானால் பயாஸில் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்ற வரி கர்னல் செய்திகளில் வரும். பட்டியலில் டிஸ்க் இல்லையென்றால் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்து அந்த வரியைத் தேடினால் சந்தேகம் தீரும்.

11ஆம் தலைமுறையிலிருந்து இந்த இடத்தை இன்டெல்லின் விஎம்டி என்ற ஏற்பாடு பிடித்துக்கொண்டது. அதற்கு லினக்ஸில் டிரைவர் உண்டு, புதிய கர்னல் உள்ள பெண்டிரைவில் எஸ்எஸ்டி பெரும்பாலும் அப்படியே தெரியும். விண்டோஸ் பிஇ (பெண்டிரைவிலிருந்தே ஓடும் சிறு விண்டோஸ்) பெண்டிரைவில்தான் எதிர்ப்பிரச்சினை: விஎம்டி டிரைவரைச் சேர்த்து உருவாக்காவிட்டால் டிஸ்க் தெரியாது.

ஏஹெச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்கு எஸ்எஸ்டி தெரியும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய டிரைவர் வேறு என்பதால் பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்ற நீலத்திரையில் நிற்கும். இந்த நிகழ்வில் பிட்லாக்கர் திரை முந்திக்கொண்டது. சாவி கையில் இருந்து 48 இலக்கங்களையும் கொடுத்திருந்தால் அடுத்து இந்த நீலத்திரைதான் காத்திருந்திருக்கும்.

ஏன் முழு டிஸ்கையும் படித்தது

குளோன்சில்லாவுக்குள் வேலை செய்வது பார்ட்குளோன். என்டிஎஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டால் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் நகலெடுக்கும். பூட்டிய பிட்லாக்கர் பார்ட்டிஷனில் அதற்கு எந்த ஃபைல் சிஸ்டமும் தெரியாது. ஆகவே முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படித்தே ஆக வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்கில் சுமார் 476 ஜிபி. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 110 எம்பி எழுதினால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். என்கிரிப்ட் ஆன தரவு சுருங்காது. எஸ்எஸ்டி டிரிம் செய்து காலியாக்கிய இடங்கள் பூஜ்யங்களாக வந்தால் அந்தப் பகுதி மட்டும் சுருங்கும். ஆனால் அதை நம்பி இலக்கு டிஸ்கில் இடத்தைக் குறைத்து வைக்க வேண்டாம். முழு அளவுக்கு இடம் இருக்கட்டும்.

பிட்லாக்கரை யாருமே இயக்கவில்லையே என்ற கேள்விக்கு விடை டிவைஸ் என்கிரிப்ஷன். தகுதியுள்ள லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த மாத்திரத்தில் ஹோம் பதிப்பிலும் அது தானாக இயங்கும். 24எச்2 முதல் வன்பொருள் நிபந்தனைகள் தளர்ந்துவிட்டதால், புதிதாக நிறுவிய இன்னும் பல லேப்டாப்களில் இது இருக்கும். உள்ளூர்க் கணக்கை மட்டும் வைத்திருப்பவர்களும் தப்பியதாக நினைக்க வேண்டாம். டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகி, சாவி மட்டும் பூட்டப்படாமல் காத்திருக்கும் நிலையும் உண்டு. அப்போதும் குளோன்சில்லா கண்ணுக்கு அது பிட்லாக்கர் பார்ட்டிஷன்தான்.

இதே வேலையைச் செய்ய வேண்டிய வரிசை

பெண்டிரைவைத் தொடும் முன்பே விண்டோஸுக்குள் அரை மணி நேர வேலை இருக்கிறது. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் மேனேஜ்-பிடிஇ கட்டளையை ஸ்டேட்டஸ் என்ற சொல்லோடு ஓட்டுங்கள். எத்தனை சதவீதம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, பாதுகாப்பு இயங்குகிறதா என்று இரண்டும் தனித்தனி வரிகளில் வரும். 100 சதவீதம் என்கிரிப்ட், பாதுகாப்பு ஆஃப் என்று வந்தால் மேலே சொன்ன காத்திருக்கும் நிலை அது. அடுத்து அதே கட்டளையை ப்ரொடெக்டர்ஸ், கெட் என்ற சொற்களோடும் சி டிரைவின் பெயரோடும் ஓட்டினால் 48 இலக்கங்கள் திரையில் வரும். தாளில் எழுதுங்கள், அல்லது போனில் படமெடுங்கள். அதே லேப்டாப்பில் ஃபைலாகச் சேமித்து ஒரு பயனும் இல்லை.

பிறகு எம்எஸ்இன்ஃபோ32. பயாஸ் மோட் யூஇஎஃப்ஐயா, செக்யூர் பூட் நிலை ஆனா என்று பாருங்கள். அட்மினாகத் திறந்தால் பிசிஆர் 7 கட்டமைப்பு பைண்ட் ஆகியிருக்கிறதா என்பதும் தெரியும். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்கள் பிரிவில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று வந்தால் முன்னேற்பாடு தேவை. ஸ்டாண்டர்ட் என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

பெண்டிரைவுக்கு வருவோம். குளோன்சில்லாவைத் தைவானின் உயர்திறன் கணினியியல் தேசிய மையம் வெளியிடுகிறது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஸ்டேபிள் பதிப்பை மட்டும் எடுங்கள். இறக்கியதும் சர்ட்யூட்டில் கட்டளையின் ஹாஷ்ஃபைல் தேர்வால் எஸ்எச்ஏ256 மதிப்பை எடுத்து, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். உங்கள் டிஸ்க் முழுவதையும் அட்மினாகத் திறக்கப்போகும் மென்பொருள் இது. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஐஎஸ்ஓவை ரூஃபஸ் என்ற பெண்டிரைவ் எழுதும் மென்பொருள் மூலம் ஜிபிடி, யூஇஎஃப்ஐ தேர்வுகளோடு எழுதலாம். தடைசெய்யப்பட்ட பூட் லோடர் உள்ள ஐஎஸ்ஓவாக இருந்தால் புதிய ரூஃபஸ் எச்சரிக்கும். இன்னும் எளிய வழி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பெண்டிரைவில் குளோன்சில்லாவின் ஜிப் ஃபைலை அப்படியே விரிப்பது. யூஇஎஃப்ஐ லேப்டாப்புக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பல ஐஎஸ்ஓக்களை ஒரே பெண்டிரைவில் வைத்து பூட் செய்யவிடும் வென்டாய் வசதியானதுதான். ஆனால் செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில் அதை ஓட்ட, அதன் சாவியை மாக் மேனேஜர் என்ற சாவி பதியும் நிரல் வழியாக அந்த லேப்டாப்பிலேயே பதிய வேண்டும். பெண்டிரைவைக் கழற்றிய பிறகும் அந்த நம்பிக்கை லேப்டாப்பில் தங்கிவிடும். உங்கள் சொந்தச் சோதனைக் கணினியில் செய்துகொள்ளலாம். அலுவலக லேப்டாப்பிலோ பிறர் கொடுத்த லேப்டாப்பிலோ செய்யக் கூடாது.

பயாஸில் எதையாவது மாற்ற வேண்டியிருந்தால்தான் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்ய, அதாவது தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். மேனேஜ்-பிடிஇயின் ப்ரொடெக்டர்ஸ், டிசேபிள் கட்டளையோடு ரீபூட்கவுண்ட் 0 என்று கொடுத்தால், நீங்களாக மறுபடி இயக்கும்வரை சஸ்பெண்டிலேயே இருக்கும். எண்ணைக் கொடுக்காமல் விட்டால் ஒரு ரீபூட்டிலேயே பாதுகாப்பு திரும்பிவிடக்கூடும். இடையில் இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய இந்த வேலைக்கு அது ஆகாது.

சஸ்பெண்ட் ஆனதும் ஆர்எஸ்டியிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறுவதற்கு எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட், மினிமல் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நேரே பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐயாக மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் திறக்கும்போது சரியான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போனதும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். ஒற்றை எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் ஏஹெச்சிஐயிலேயே விட்டுவிடுவதால் வேகம் எதுவும் குறையாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: இன்டெல் ஆப்டேன் எச்10 போன்ற, கேஷ் பகுதியோடு இணைந்த எஸ்எஸ்டி. அதில் ஆப்டேன் இணைப்பை இன்டெல்லின் மேலாண்மைச் செயலியில் முதலில் பிரிக்காமல் மோடை மாற்றினால் தரவே சேதமாகலாம்.

சில லேப்டாப்களில் இன்னொரு பூட்டு இருக்கும். 2022 முதல் வரும் செக்யூர்டு-கோர் வகை லேப்டாப்களில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்பு யூஇஎஃப்ஐ சான்றிதழ் ஆலையிலேயே அணைக்கப்பட்டிருக்கலாம். அப்போது எவ்வளவு புதிய லினக்ஸ் பெண்டிரைவாக இருந்தாலும் மறுக்கப்படும். பயாஸின் செக்யூரிட்டி பகுதியில் அந்தச் சான்றிதழை அனுமதிக்கும் தேர்வு இருக்கும்; அதை மட்டும் இயக்குங்கள், செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்பும் சாவிகளின் பட்டியல் மாறுவதால் பிசிஆர் 7உம் மாறும். ஆகவே இதற்கும் சஸ்பெண்ட் முன்னால் வர வேண்டும்.

மாற்றங்கள் முடிந்ததும் நேரே பெண்டிரைவுக்குப் போகாதீர்கள். ஒருமுறை சாதாரணமாக விண்டோஸைத் திறந்து, ப்ரொடெக்டர்ஸ், எனேபிள் கட்டளையால் பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். புதிய அளவீடுகளோடு சாவி கட்டப்பட்டுவிடும். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே பார்ப்போம்.

பிறகு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸில் சாதாரண ஷட்டவுன் அரைத்தூக்கம்தான். என்டிஎஃப்எஸ் பாதியில் நிற்கும், என்கிரிப்ட் ஆகாத டிஸ்காக இருந்தால் பார்ட்குளோன் அந்த நிலையைக் கண்டு மறுத்துவிடும். என்கிரிப்ட் ஆன டிஸ்கில் மறுக்காது, அரைகுறை நிலையை அப்படியே நகலெடுத்து வைக்கும். அது இன்னும் மோசம்.

சார்ஜரைச் செருகுங்கள், மூடியைத் திறந்தே வையுங்கள். மூடினால் லைவ் லினக்ஸும் தூங்கப் போகும், யூஎஸ்பி டிஸ்க் இணைப்பு அறுந்துபோகும். பெண்டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் ஹப் இல்லாமல் நேரே லேப்டாப்பில் செருகுவது நல்லது. பூட் வரிசையை நிரந்தரமாக மாற்றாமல், ஒருமுறை பூட் மெனுவைப் பயன்படுத்துங்கள்: டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனுவைப் பயாஸில் முதலில் இயக்க வேண்டியிருக்கும். விசை பிடிபடவில்லையென்றால் விண்டோஸில் ஷிஃப்ட்டோடு ரீஸ்டார்ட் கொடுத்து, யூஸ் எ டிவைஸ் வழியாகவும் பெண்டிரைவுக்குப் போகலாம்.

குளோன்சில்லாவில் டிவைஸ்-இமேஜ் மோட், பிறகு சேவ்டிஸ்க். பார்ட்டிஷன் தனியாக வேண்டாம், முழு டிஸ்கையும் எடுங்கள். சி டிரைவுக்கு முன்னால் சில நூறு எம்பி அளவில் யூஇஎஃப்ஐ பூட் பார்ட்டிஷனும், 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கீட்டுப் பார்ட்டிஷனும், பின்னால் மீட்புப் பார்ட்டிஷனும் இருக்கும். சி மட்டும் இருக்கும் இமேஜிலிருந்து புதிய எஸ்எஸ்டி பூட் ஆகாது. உள் எஸ்எஸ்டி என்விஎம்இ0என்1 என்று வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருபவை யூஎஸ்பியில் செருகியவை. பெயரை மட்டும் நம்பாமல் மாடல் பெயரையும் அளவையும் சேர்த்துப் படியுங்கள். சேவ்டிஸ்க் என்ற இடத்தில் ரெஸ்டோர்டிஸ்க் தேர்ந்தெடுத்துவிட்டால் எழுதப்படுவது உங்கள் எஸ்எஸ்டி மேல்.

இமேஜுக்குள் இருக்கும் சாவி

பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்தால் தரவு என்கிரிப்ட் ஆகியேதான் இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் சாவி, பூட்டப்படாத வடிவில் அதே டிஸ்கின் மெட்டாடேட்டாவில் எழுதப்படும். கதவைப் பூட்டி, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட நிலை அது. அந்த நேரத்தில் செக்டர் செக்டராக இமேஜ் எடுத்தால் சாவியும் இமேஜுக்குள் போய்விடும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் லினக்ஸில் டிஸ்லாக்கர் போன்ற கருவியால் எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் திறந்துவிடலாம். பிட்லாக்கரைப் பின்னர் மறுபடி இயக்குவதால் இது சரியாகாது; அப்போது தரவு புதிதாக என்கிரிப்ட் செய்யப்படுவதில்லை, அடிப்படைச் சாவி அதேதான். இமேஜ் வைத்திருப்பவரிடம் அந்த லேப்டாப்பின் சாவியும் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே சஸ்பெண்ட் என்பது பயாஸ் செட்டிங்கை மாற்றும் நேரத்துக்கு மட்டுமே உரியது, இமேஜ் எடுக்கும் நேரத்துக்கு உரியதல்ல. செட்டிங் எதையும் மாற்றத் தேவையில்லாத லேப்டாப்பில் சஸ்பெண்டே வேண்டாம்; கையொப்பமிட்ட பெண்டிரைவில் பூட் செய்து, எடுத்து, அணைத்துவிட்டுத் திரும்பலாம்.

அளவு பெரிதாக வருவது பிடிக்கவில்லையென்றால் பிட்லாக்கரை முழுதாக நீக்கி, இமேஜ் எடுத்து, மறுபடி இயக்கலாம். நேரமும் எஸ்எஸ்டி எழுத்துகளும் செலவாகும். அல்லது விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷேடோ காப்பி (ஓடும் டிஸ்கின் ஒரு கண நிலையைப் பிடித்துவைக்கும் விண்டோஸ் வசதி) மூலம் இமேஜ் எடுக்கும் மென்பொருளையோ, பிட்லாக்கரைத் திறக்கத் தெரிந்த விண்டோஸ் பிஇ பெண்டிரைவையோ பயன்படுத்தலாம். இந்த வழிகளில் இமேஜுக்குள் தரவு திறந்த நிலையில் இருக்கும். அப்போது இமேஜுக்கே கடவுச்சொல் போடுங்கள், அல்லது யூஎஸ்பி டிஸ்கை என்கிரிப்ட் செய்யுங்கள்.

விண்டோஸ் பிஇ பெண்டிரைவுக்கும் வயது உண்டு

மேக்ரியம் ரிஃப்ளெக்ட் போன்றவை உருவாக்கும் மீட்புப் பெண்டிரைவ் விண்டோஸ் பிஇ அடிப்படையிலானது. அதன் பூட் மேனேஜர் விண்டோஸின் சொந்தச் சான்றிதழால் கையொப்பமிட்டது என்பதால் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் தேவையில்லை. ஓடும் லேப்டாப்பிலிருந்தே ஸ்டோரேஜ் டிரைவரையும் எடுத்துக்கொள்ளும். ஆர்எஸ்டி, விஎம்டி மோடை மாற்றாமலே வேலையை முடிக்க இதுவே நல்ல வழி. டச்பேட் வேலை செய்யாமல் போகலாம், ஒரு யூஎஸ்பி மவுஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதிலும் பழையது மறுக்கப்படும் நாள் வருகிறது. பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட்டை (விண்டோஸுக்கு முன்பே ஓடிவிடும் தீம்பொருள்) தடுக்க, சிவிஇ-2023-24932க்கான தீர்வாக 2011 சான்றிதழில் கையொப்பமிட்ட பூட் மேனேஜர்களை மொத்தமாகத் தடைசெய்யும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதை முழுதாகப் போட்டுவிட்ட லேப்டாப்பில் 2023 சான்றிதழால் கையொப்பமிட்ட பெண்டிரைவ் மட்டுமே ஓடும். அதோடு, 2011 சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூனிலும் அக்டோபரிலும் முடிகிறது. தேதி கடந்த கணத்தில் லேப்டாப் நின்றுவிடாது. ஏற்கெனவே கையொப்பம் பெற்றவை தடைசெய்யப்படாதவரை ஓடும். சிக்கல் வேறு இடத்தில்: இனி வரும் பெண்டிரைவ்கள் 2023 சான்றிதழோடு வரும், அந்தச் சான்றிதழைப் பெறாத லேப்டாப் அவற்றை ஏற்காது. விண்டோஸ் அப்டேட்டையும் பயாஸ் அப்டேட்டையும் தள்ளிப்போடாமல் போட்டுவிட்டு, மீட்புப் பெண்டிரைவைப் புதிதாக உருவாக்கி, உடனே ஒருமுறை பூட் செய்து பாருங்கள். டிஸ்க் பட்டியல் தெரிகிறதா என்பதுவரை பார்க்க வேண்டும்.

புதிய எஸ்எஸ்டியில் வைக்கும்போது

சேவ்டிஸ்க் முடிவில் இமேஜைச் சரிபார்க்கட்டுமா என்று குளோன்சில்லா கேட்கும். நேரமானாலும் சம்மதியுங்கள். பழைய எஸ்எஸ்டியை அழிக்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, புதியதை மாட்டி, ரெஸ்டோர்டிஸ்க். புதியது அளவில் பெரியதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும், செக்டர் அளவும் பொருந்த வேண்டும். 512 பைட் செக்டரில் எடுத்த இமேஜ் 4096 பைட் செக்டர் டிஸ்கில் பூட் ஆகாது. அதே லேப்டாப், அதே டிபிஎம், மாறாத செக்யூர் பூட் என்றால் செக்டர் நகலாக வைத்த பிட்லாக்கர் விண்டோஸ் பொதுவாகச் சாவி கேட்காமலே திறக்கும். வேறு லேப்டாப்பில் மாட்டினால் 48 இலக்கங்கள் இல்லாமல் திறக்காது.

1 டிபியில் மீதமுள்ள இடம் கடைசியில் ஒதுக்கப்படாமல் நிற்கும். சி டிரைவை நீட்ட முடியாதபடி மீட்புப் பார்ட்டிஷன் நடுவில் இருக்கும். ரீஏஜென்ட்சி கட்டளையால், விண்டோஸின் மீட்புச் சூழலான விண்டோஸ் ஆர்இயை முதலில் டிசேபிள் செய்து, மீட்புப் பார்ட்டிஷனை நீக்கி, கடைசியில் 1 ஜிபி விட்டு சியை நீட்டி, அந்த 1 ஜிபியில் மீட்புப் பார்ட்டிஷனை மறுபடி அமைத்து எனேபிள் செய்யலாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் பிழை காட்டி நின்றது. அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

முதல் பூட்டின்போது பழைய எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் போட்டுச் செருகி வைக்காதீர்கள். இரண்டு டிஸ்குகளுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனாக்கும், அல்லது அதன் அடையாளத்தை மாற்றி எழுதும். புதியது தனியாக இரண்டு மூன்று முறை சரியாகத் திறந்து, மேனேஜ்-பிடிஇ ஸ்டேட்டஸில் பாதுகாப்பு ஆன் என்றும் எம்எஸ்இன்ஃபோ32இல் செக்யூர் பூட் ஆன் என்றும் வந்த பிறகு, பழைய எஸ்எஸ்டியைச் செருகிப் பார்க்க வேண்டுமானால் வேறொரு கணினியில் செருகுங்கள்.